ஸ்டாப்பரைத் தூக்கப் போன சீசன்

டீம் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, டிவியில் கோட் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் கை கட்டி நிற்கிறாரே, அவரை மனதில் வைத்துக்கொண்டு வந்திருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள். அவர் வேறு. ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் ஃபுட்பால் மேனேஜர் என்றால் ஆள் பிடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேரை மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறவன். அதில் ஒருவன் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். ஒருவன் மச்சான் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருப்பான். ஒருவன் எதிர் டீமுக்கு ஆட ஒத்துக்கொண்டிருப்பான். பந்தாட்டம் தெரிந்தால் நல்லது. அதைவிட முக்கியம், யார் வீட்டுக்குப் பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று தெரிவது.

நான் கலவையில் எட்டாவது வரை படித்தேன். அதற்குமேல் எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துவரவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மூட்டை தூக்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்ததும் விட்டுவிட்டேன். லாரி கிளீனராக விஜயவாடா வரை போய் வந்தேன். ஆலங்காயத்தில் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். கொசுவைத் தவிர அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. போன ஊரிலெல்லாம் பந்து ஆடினேன். ரைட் அவுட், அதாவது வலது ஓரத்து ஃபார்வர்டு. எந்த டீமிலும் இரண்டு சீசன் நின்றதில்லை. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் போனேன். முழங்கால் போன பிறகு, ஊர் ஊராகத் தெரிந்த முகங்களை வைத்துக்கொண்டு மேனேஜர் ஆனேன்.

நம் டோர்னமெண்டுகளில் வெளியாட்களை 'கெஸ்ட்' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்குத் தெரியும். என் காலத்தில் காலையில் வாணியம்பாடியில் ராஜா என்ற பெயரில் ஆடியவன் சாயங்காலம் ஆம்பூரில் ரவி என்ற பெயரில் ஆடுவான். ஒருமுறை இரண்டு மேட்ச்சுக்கும் ஒரே ரெஃப்ரி வந்துவிட்டார். எங்கள் பையனைப் பார்த்து நின்றார்.

"இன்னாப்பா, காலைல உனக்கு மஞ்ச கார்டு குடுத்தேன் இல்ல?"

"அது எங்க அண்ணன் சார்."

"உங்க அண்ணன் இடது கால்ல கட்டு போட்டிருந்தான். உன் கால்லயும் அதே கட்டு இருக்குது."

"எங்க குடும்பத்துலயே இடது காலு வீக்கு சார்."

ரெஃப்ரி சிரித்துவிட்டார், பையன் ஆடினான். பொய் சொல்லும் பிளேயரை வைத்துச் சமாளிக்கலாம். சிரிக்காமல் பொய் சொல்லத் தெரிந்தவனை எப்போதும் பெஞ்சில் ஒருவனாவது வைத்திருங்கள்.

இப்படி இந்தப் பக்கத்தில் நான் தூக்காத பிளேயர் இல்லை, ஒருவனைத் தவிர. அவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஸ்டாப்பர் என்றே ஊர் கூப்பிட்டது. பின்வரிசையில் நடுவில், கோல் கீப்பருக்கு முன்னால் நிற்கிறவன் ஸ்டாப்பர். எல்லா டீமிலும் ஒருவன் இருப்பான். ஆனால் ஸ்டாப்பர் என்று சொன்னால் இவன் ஒருவன்தான். ரேஷன் கடையில்கூட 'ஸ்டாப்பர் ஊட்டுக்கு' என்றுதான் சர்க்கரை போட்டார்கள். பாலாற்று ஓரத்தில் தோல் பதனிடும் ஒரு பழைய டேனரி. மீசை முளைக்கும் வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். அந்த டேனரி டீமின் சிவப்புச் சட்டையைப் போட்டான். வேறு சட்டை போட்டதே இல்லை.

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஓட்டம் கிடையாது. ஓடினால் எங்கள் கோல் கீப்பரே அவனை முந்திவிடுவான். கீழே சறுக்கி விழுந்து பந்தைப் பிடுங்குவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். சட்டை எப்படி இஸ்திரி போட்டு வந்ததோ அப்படியே வீட்டுக்குத் திரும்பும். இடது காலுறைக்குள் ஒரு சீப்பு செருகியிருப்பான். கார்னர் அடிக்கப் போகிறார்கள், எல்லோரும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள், இவன் தலை வாருவான். ஆனாலும் அவனைத் தாண்டி கோல் போடுவது என்பது இந்தப் பக்கத்து ஃபார்வர்டுகளுக்கு வாழ்நாள் ஆசையாக இருந்தது. ஒருவன் போட்டுவிட்டுத் தன் கல்யாணப் பத்திரிகையில் அதைப் போடலாமா என்று என்னைக் கேட்டான்.

அப்போது நான் ஒரு ஷூ கம்பெனி டீமுக்கு மேனேஜர். வாட்ஸ்அப் நம் பக்கத்துக்கு வந்த புதுசு. கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே எனக்கு ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். என் மனைவி மல்லிகாவுக்கு அந்த ரூம் கிடைத்தது பெரிய விஷயம். என்னோடு குடும்பம் நடத்தியதில் அவள் பாத்திரங்கள் எந்த அலமாரியிலும் நிலையாக உட்கார்ந்ததில்லை. எப்போது வேண்டுமானாலும் கட்டத் தோதாக ஒன்றுக்குள் ஒன்றாகவே அடுக்கி வைப்பாள். அந்த ரூமுக்கு வந்த பிறகுதான் முதல்முறையாக அவற்றைப் பிரித்து ஆணியில் மாட்டினாள். அதே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் வேலைக்கும் சேர்ந்தாள்.

"இன்னாங்க, இந்தத் தடவ நான் மூட்ட கட்ட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்," என்றாள்.

டீம் செக்ரட்டரி முதலாளியின் தங்கை மகன். ஃபுட்பாலில் நல்ல ஆசை உள்ள மனிதர். அந்த வருஷம் கோப்பை வேண்டும் என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டாப்பர் நம்ம டீமுக்கு வரணும்."

"அவன் வர மாட்டான் சார்."

"உங்களுக்கு ரூம் குடுத்தது எதுக்கு? தூங்குறதுக்கா? கோப்பை வந்தா ரூம் உங்களுது. இல்லன்னா சாவிய வாட்ச்மேன் கிட்ட குடுத்துட்டுக் கிளம்பிக்கிட்டே இருங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மொபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று சாயங்காலமே ஸ்டாப்பர் வீட்டுக்குப் போனேன். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து மீசைக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் இருவருக்கும் ஒரே வயதுதான், பழைய பழக்கம்.

"வா மேனேஜரே. என்னத் தூக்கத்தான வந்த?"

"ஃபினிஷிங் செக்ஷன்ல சூப்பர்வைசர் வேலை. ஈரம் கெடையாது, நாத்தம் கெடையாது. தலைக்கு மேல ஃபேனு."

"ஃபேனா?"

"பெரிய ஃபேனு."

"முடி கலஞ்சிடுமேப்பா," என்றான்.

அதோடு பேச்சு முடிந்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். ஆனால் கையிலிருந்த கண்ணாடியை விட்டு அவன் முகத்தை எடுக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஒரு பெரிய டப்பா நிறைய பிரியாணி அனுப்பினேன். அதை அவன் தன்னோடு பின்வரிசையில் பேக் ஆடுகிற மூன்று பேரோடும் உட்கார்ந்து தின்றான். டப்பாவைக் கழுவி, துடைத்து, திருப்பி அனுப்பினான். கொண்டுவந்த ஆள், "லெக் பீஸ் கம்மின்னு சொல்லச் சொன்னாரு," என்றான்.

பிறகு தினமும் காலையில் டேனரி கேட்டில் போய் நின்றேன். இது இந்தத் தொழிலில் பழைய உத்தி. பேசவே வேண்டாம், நின்றால் போதும். ஊர் மீதியைப் பேசிவிடும். ஸ்டாப்பர் போகப்போகிறான் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. டேனரி ஆட்கள் அவனை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து நேராக என்னிடம் வந்தான்.

"யோவ், எதுக்குயா தெனம் வந்து நிக்கிற? ஊரே நான் பொட்டி கட்டிட்டேன்னு பேசுது. பேஜாரா இருக்குது."

"வந்துடு. பேச்சு நின்னுடும்."

கொஞ்ச நேரம் சீப்பைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சரி. ஒருநாள் சாய்ங்காலம் உங்க கிரவுண்டுக்கு வர்றேன். உன் பேக்குங்க மூணு பேரோட நின்னு ப்ராக்டீஸ் ஆடுறேன். உன் சட்டைய போட மாட்டேன். ஆட்டம் முடிஞ்சப்புறமும் உங்க செக்ரட்டரி நான் வேணும்னு கேட்டாருன்னா, பாய், தலவாணியோட வர்றேன். கேக்கலன்னா இந்த கேட்டு பக்கமே நீ தலை காட்டக் கூடாது."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. கேட்காமல் விடுவாரா செக்ரட்டரி! வீட்டுக்குப் போய் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் மறுநாளே ஜன்னலுக்குத் திரை வாங்கிவந்தாள்.

குறித்த நாளில் ஷூ கம்பெனியே மைதானத்தில் நின்றது. செக்ரட்டரி முதலாளிக்கு அனுப்புவதற்காக மொபைலைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தயாராக இருந்தார். ஸ்டாப்பர் சிவப்புச் சட்டையில் வந்தான். எங்கள் பேக் மூன்று பேரும் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எதிரில் எங்கள் ஃபார்வர்டுகள், முன்னால் இர்ஃபான். வேகமானவன்.

நடு மைதானத்தில் இருந்து பந்து கிளம்பப் போகிற நேரம். ஸ்டாப்பர் தொண்டையில் இருந்து 'ஹூப்' என்று ஒரு சத்தம் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே ஒரு பெரிய அடி முன்னால் வைத்தான். எங்கள் மூன்று பேரில் ஒருவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஒருவன் பின்னால் போனான். ஒருவன் திரும்பி, "இன்னா அண்ணா?" என்று கேட்டான். இர்ஃபான் நேராகப் போய் கோல் போட்டான்.

மறுபடி ஹூப். மறுபடி அடி. மறுபடி கோல். மூன்றாவது கோலுக்கு இர்ஃபான் சந்தோஷப்படுவதையே நிறுத்திவிட்டான். வருத்தமாகத்தான் போட்டான். எங்கள் கோல் கீப்பர் கிளவுஸைக் கழற்றி வீசி, "இதுக்கு நான் ஒண்டியாவே இருந்துப்பேன்," என்றான். ஸ்டாப்பர் தலை வாரிக்கொண்டிருந்தான்.

செக்ரட்டரி மொபைலை இறக்கினார்.

"இவரா அந்த ஆளு?"

ஸ்டாப்பர் வியர்க்காமல் வந்து அவரிடம் கை கொடுத்தான். "கெளம்பட்டுமா சார்? ஒரு டீ சொல்லுங்க." டீ வந்தது. குடித்தான். செக்ரட்டரி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டாப்பர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு நடந்தான்.

நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன்.

"வேணும்னேதான மோசமா ஆடின?"

"ஆம்பூர் பிரியாணி மேல சத்தியமா இல்ல. நல்லாதான் ஆடினேன். நாளைக்குக் காலைல வா, காட்டுறேன். கேட்டுக்கு வெளிய இல்ல, உள்ள."

போனேன். மற்ற டிரம்கள் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவில், சுண்ணாம்பு போட்ட டிரம்மில் இருந்து எருமைத் தோல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரத்தில் ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம், வழுக்கும். நாலு பேர் நாலு மூலையைப் பிடிக்க வேண்டும், தூக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற மரக் குதிரை என்கிற தாங்கிமேல் ஒரே வீச்சில் போட வேண்டும். ஸ்டாப்பர், லெஃப்ட் பேக் முனுசாமி, டீமின் மற்ற இரண்டு பேக்குகள். அதே நாலு பேர். அவன் 'ஹூப்' என்றான், தோல் பறந்தது, குதிரைமேல் மடிப்பில்லாமல் விழுந்தது. அடுத்தது. ஹூப். அடுத்தது. நாலில் ஒருவன் ஒரு கண் இமைப்பு பிந்தினால் போதும், அவன் மூலை தொங்கும், தோலில் இருக்கிற சுண்ணாம்புத் தண்ணீர் மொத்தமும் அவன் முகத்தில் அடிக்கும். வாழ்க்கையில் யாரும் இரண்டாவது முறை பிந்த மாட்டார்கள்.

"நான் கல்யாணம் ஆவறதுக்கு முந்தியிலிருந்து இவனுங்களோட தூக்குறேன். எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்ததவிட முனுசாமி மூஞ்சியப் பாத்ததுதான் ஜாஸ்தி," என்றான் ஸ்டாப்பர்.

"எனக்கும் அதான் கஷ்டம்," என்றான் முனுசாமி.

ஆஃப்சைடு சரியாகப் புரியாத மேனேஜர்கள் உங்களில் இருப்பீர்கள். நானும் ரொம்ப நாள் தலையாட்டிக்கொண்டு அப்படித்தான் இருந்தேன். பந்து கிளம்புகிற நொடியில் எதிர் டீம் ஃபார்வர்டு நம் பேக்குகளைத் தாண்டி கோல் பக்கம் நின்றால் அது செல்லாது. ஆகவே அந்த நொடிக்குச் சற்று முன்னால் பேக் நாலு பேரும் ஒரே அடியாக முன்னால் வந்துவிட்டால், ஃபார்வர்டு பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். லைன்ஸ்மேன் கொடி தூக்குவார். ஓட வேண்டாம், மோத வேண்டாம், சட்டை அழுக்காகாது. ஆனால் நாலு பேரும் ஒரே அடி வைக்க வேண்டும். ஸ்டாப்பரின் ஆட்டம் முழுக்க அவ்வளவுதான். மற்ற மூன்று பேர் இல்லாவிட்டால் அவன் மெதுவாக நடக்கிற, நன்றாகத் தலை வாரிய ஒரு ஆள்.

மனுஷனுக்கு அது தெரிந்திருந்தது. எனக்கு அதுதான் ஆச்சரியம். ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ஆளுக்கு, தன் பலம் தன் காலில் இல்லை, பக்கத்தில் நிற்கிறவன் காலில் இருக்கிறது என்று தெரிவது சாதாரணம் இல்லை. தெரிந்தும் பந்தா குறையவில்லை என்பது வேறு. ஆகவே தம்பிகளே, ஆள் பார்க்கப் போனால் அவனை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அவன் இடது பக்கம் யார் நிற்கிறான், வலது பக்கம் யார் நிற்கிறான் என்று பாருங்கள். அவர்களையும் சேர்த்துத் தூக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் எனக்கு ரூம் வேண்டும். ஃபைனல் பத்து நாளில். ஃபைனலில் எங்களுக்கு எதிர் டீம், சொல்ல வேண்டுமா, அதே டேனரி.

செக்ரட்டரியிடம் போனேன். "சார், ஸ்டாப்பர் வேணாம். அவன் பூட்டைத் தொறக்குற சாவி எங்கிட்ட இருக்குது," என்றேன்.

"அந்தச் சாவி தப்பா இருந்தா, ரூம் சாவி," என்றார்.

என் திட்டம் இதுதான். ஸ்டாப்பர் ஹூப் என்றதும் அவர்கள் நாலு பேரும் முன்னால் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் காலி இடம். இர்ஃபான் ஓடக் கூடாது, அவர்களோடு சேர்ந்து அவனும் நடுக்கோட்டுப் பக்கம் பின்வாங்கிவிட வேண்டும். அதே நேரம் நடுவரிசையில் ஆடுகிற எங்கள் ஹாஃப் பிரபு பின்னாலிருந்து ஓடி வந்து காலி இடத்தில் பந்தை வாங்க வேண்டும். இதைப் பழக்க, எங்கள் பேக் நாலு பேரை டேனரி பேக்குகளாக நிற்க வைத்தேன். நான் ஓரத்தில் நின்று ஹூப் என்று கத்துவேன். பேக்குகள் முன்னால் அடி வைப்பார்கள், இர்ஃபான் பின்வாங்குவான், பிரபு ஓடுவான். காலையும் சாயங்காலமும் இதேதான். தொண்டை கட்டிவிட்டது. கம்பெனிப் பெண்கள் கேட்டில் நுழையும்போது என்னைப் பார்த்து ஹூப் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மல்லிகா லைனில் தலை குனிந்துகொண்டு தைத்தாளாம்.

"ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி போடு, தொண்ட போய்டுச்சு," என்றேன் ஒருநாள்.

"ஜெயிச்சுடுவீங்களா?" என்று கேட்டாள்.

"கண்ணமூடிகிட்டு ஜெயிப்போம்."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தண்ணீர் வைத்தாள்.

ஃபைனல் அன்று மைதானத்தைச் சுற்றி மனிதச் சுவர். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்டாப்பர் முதல் ஹூப் கொடுத்தான். இர்ஃபான் பின்வாங்கினான். பிரபு பின்னாலிருந்து பறந்தான். பந்து தலைக்கு மேல் போய் அவன் காலடியில் விழுந்தது. கோல். ஸ்டாப்பர் பூட்டு திறந்துவிட்டது! செக்ரட்டரி என்னைக் கட்டிப் பிடித்தார். அவர் சட்டை வாசனைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இனி அந்த ரூமுக்கு வெள்ளையடிக்கலாம் என்று நினைத்தேன்.

மைதானத்தின் அந்தப் பக்கத்தில் ஸ்டாப்பர் நின்று என்னைப் பார்த்தான். நேராக என்னை. கோபம் இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சீப்பை எடுத்தான், வாரினான், செருகினான்.

அதற்குப் பிறகு அவன் ஹூப் என்று சொன்ன மாதிரி எந்த மனிதனும் சொல்லியிருக்க மாட்டான். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது ஹூப். த்ரோவுக்கு ஹூப். தண்ணீர் குடிக்கப் போகும்போது ஹூப். ஒவ்வொரு ஹூப்புக்கும் இர்ஃபான் பின்வாங்கினான், பிரபு காலி இடத்தைத் தேடி ஓடிப்போய் ஆஃப்சைடில் தனியாக நின்றான். நிஜமாக அடி வைக்கிற நேரத்தில் ஸ்டாப்பர் வாயைத் திறக்கவே இல்லை. நாலு பேரும் சத்தமில்லாமல் ஒன்றாக வந்தார்கள். டேனரியில் டிரம் ஓடுகிற இரைச்சலில் இத்தனை வருஷம் யார் காதில் அந்த ஹூப் விழுந்திருக்கும்? அவர்கள் அவன் தோளைப் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறார்கள். சத்தம் அவன் பந்தாவுக்குத்தான். எனக்கு அது மைதானத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது.

இர்ஃபான் ஓரத்துக்கு ஓடி வந்தான். "மேனேஜர், எந்த ஹூப்பு நெஜ ஹூப்பு?"

"கேக்காத! எதையும் கேக்காத!"

"நீங்கதான கேக்கச் சொன்னீங்க?"

ரெஃப்ரி ஸ்டாப்பரைக் கூப்பிட்டு, "இன்னாயா சத்தம் அது?" என்றார்.

"சளி சார். சுண்ணாம்பு வேல."

ரெஃப்ரிக்கு என்ன விதி என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. பாதி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு ஃப்ரீ கிக்கில் அவர்கள் சமன் செய்தார்கள். கடைசி சில நிமிஷங்கள். டேனரி ஆள் ஒருவன் எங்கள் பக்கம் பந்தை உயரமாக அடித்தான். பந்து அவன் காலை விட்டுக் கிளம்பிவிட்டது. கிளம்பிய பிறகு, நடுக்கோட்டில் நின்றுகொண்டிருந்த ஸ்டாப்பர் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, 'ஹூப்!' என்றான்.

எங்கள் பேக் நாலு பேரும் முன்னால் ஒரு அடி வைத்தார்கள்.

பத்து நாள் காலையும் மாலையும் நான் பழக்கிய அடி. அவ்வளவு அழகாக, ஒரே கோடாக, ஒரே நேரத்தில் அவர்கள் அதற்கு முன்னாலும் நகர்ந்ததில்லை, பின்னாலும் நகர்ந்ததில்லை. பந்து அவர்கள் தலைக்கு மேல் போனது. அவர்களுக்குப் பின்னால் டேனரி ஃபார்வர்டு தனியாக இருந்தான். பந்து கிளம்பியபோது அவன் சரியான இடத்தில் நின்றதால் லைன்ஸ்மேன் கொடி தூக்கவில்லை. எங்கள் கோல் கீப்பர் அவனைப் பார்த்துக் கையை ஆட்டி வேண்டாம் என்றான். அவன் போட்டான்.

ஆட்டம் முடிந்து ஸ்டாப்பர் என்னிடம் வந்தான்.

"எல்லாத்தையும் திட்டம் போட்டுத்தான் எனக்குக் காட்டினியா?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்லப்பா. உன் நச்சரிப்பு தாங்காமதான் காட்டினேன். மொத கோல் விழுந்தப்பதான் உனக்கு மூள இருக்குன்னே தெரிஞ்சுது. அப்புறம் யோசிச்சேன்."

"எப்ப யோசிச்ச? தலை வாரிட்டுல்ல இருந்த?"

"அதுக்குத்தான் வாருறது," என்றான்.

உங்களுக்கு இதில் ஒரு பாடம் வேண்டுமென்றால், எதிராளியின் ரகசியம் கையில் கிடைத்தால் பத்து நாள் உங்கள் ஆட்களுக்கு ஓதாதீர்கள். ஒருவன் காதில் மட்டும் போடுங்கள். ஊருக்கே சொல்லிக்கொடுத்தால், அவன் திருப்பி அடிக்கிறபோது ஊரே சேர்ந்து அடி வாங்கும்.

ஸ்டாப்பர் அதற்குப் பிறகும் பல சீசன் ஆடினான். தொப்பை வந்தது. சிவப்புச் சட்டையைப் பக்கவாட்டில் பிரித்துத் துணி வைத்துத் தைத்துக்கொண்டான். முனுசாமிக்கு இடுப்பு போய் ஆட்டத்தை நிறுத்தியபோது, புது லெஃப்ட் பேக்கோடு ஒரே ஒரு மேட்ச் ஆடிப் பார்த்தான். "மூஞ்சில சுண்ணாம்பு பட்ட மாதிரியே இருக்குது," என்று சொல்லிவிட்டு அவனும் ஷூவைக் கழற்றிவிட்டான். பாராட்டுக் கூட்டத்தில் சால்வை போட்டார்கள். எல்லோரும் அவன் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள்.

"என்னை நெறைய பேரு கூப்டாங்க, நான் போகலன்னு பெருமையா சொல்றாங்க. போயிருந்தா மறுவாரமே திருப்பி அனுப்பி இருப்பாங்க. அதான் போகல," என்றான்.

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. என்ன அடக்கம் என்று பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். அடக்கம் என்ற சாமான் அவனிடம் கிடையாது என்று எனக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னான்.

இன்றைக்கு நம் பக்கத்து டீம்களில் கோல் போஸ்ட்டை பேக் ஆடுகிற நாலு பேர்தான் மைதானத்துக்குத் தூக்கி வர வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஏதோ சாமி விஷயம் என்று நினைத்து நீங்கள் சிரிக்கிறீர்கள். அதை முதலில் செய்ய வைத்தவன் நான்தான். நம் பையன்கள் எல்லோரும் இப்போது ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், ஒருவன் வங்கியில்கூட இருக்கிறான். நாலு பேரும் சேர்ந்து தூக்க வேறு கனம் ஏது? ஒருவன் பிந்தினால் அவன் கால் கட்டைவிரலில் போஸ்ட் விழும். சுண்ணாம்புத் தண்ணீர் அளவுக்கு இல்லை, இருந்தாலும் பலன் உண்டு.

ரூம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள். தோற்ற அன்று மைதானத்தில் இருந்து நடந்தே வந்தேன். வழியிலேயே மனதில் ஊர்களைப் புரட்டினேன். கிருஷ்ணகிரியில் ஒரு டீம், குடியாத்தத்தில் தெரிந்த ஆள் ஒருவன். ரூமுக்குப் போய்ப் பாத்திரங்களை ஆணியில் இருந்து ஒவ்வொன்றாக இறக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, கோணியில் கட்டினேன். என் கை அதில் பழகிய கை. மல்லிகா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கட்டுவதைப் பார்த்தாள். மறுபடி கீரைக்குத் திரும்பினாள்.

வாட்ச்மேன் வந்தார். சங்கடப்பட்டுக்கொண்டு நின்றார்.

"செக்ரட்டரி சார் சாவி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"எந்தச் சாவி?" என்றாள் மல்லிகா.

"ரூம் சாவிம்மா. மேனேஜர் ரூம்."

"இது மேனேஜர் ரூம் இல்ல. ஸ்டிச்சிங் லைன் ரூமு. ஆபீஸ்ல என் பேர்ல மாத்திக் குடுத்து நாலு நாளாவுது. லைன் இன்சார்ஜ் கிட்ட நான்தான் கேட்டேன். போய்க் கேட்டுப் பாரு."

நான் கோணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். "நாலு நாளா? ஃபைனலே இன்னைக்குத்தானடி?"

"கண்ணமூடிகிட்டு ஜெயிப்போம்னு சொன்னீங்க இல்ல, மறுநாள் காலைல போயி கேட்டுட்டேன்," என்றாள், கீரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

வாட்ச்மேன் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறினார். "அப்ப சார் கிட்ட நான் இன்னா சொல்றது?"

"காலைல லைனுக்கு வந்து என்னக் கேக்கச் சொல்லு. நான் அங்கதான் இருப்பேன்."

அவர் போன பிறகு நான் கோணியின் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன். இறுக்கமாகக் கட்டியிருந்தேன். வெகு நேரம் ஆயிற்று. அவள் உதவிக்கு வரவில்லை.